மலையில்லா நாட்டில் மலைச் சயிக்கிள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கீரிமலை இருக்கின்றதே என நேயர்கள் கேட்கலாம். அங்கே கோயிலுண்டு, கேணியுண்டு, கடலுமுண்டு. மலை மாத்திரம் இல்லை. குன்றென்பது யாதென விளக்கப் புகும் புவியியல் ஆசிரியன் இங்கே கரும்பலகையிற் கோடு கீறித்தான் காட்டவேண்டும். பல வருடங்களாக அந்தக் கோட்டைக் கீறி வருபவன் நான். ஆகவே, கனடாவிலிருந்து வந்த என் சிறிய தாயாரின் மகன் பெரியதோர் அட்டைப்பெட்டியைக் கரவெட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இறக்கி, “அண்ணை, இது மலைச் சயிக்கிள்” என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பெட்டியைப் பிரித்துச் சில்லுகளைப் பூட்டி நிறுத்தினார் தம்பி. இரண்டங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுடைய ரயர். அதன்மேல் முதலை முதுகுபோல முட்டுமுட்டாகப் பற்கள். முன் கவரிலே அதிர்ச்சி தாங்கும் வில். பின் சில்லிலே சிறிதும் பெரிதுமான பற்சக்கரங்கள் அடுக்கடுக்காக இருந்தன. மட்காட் இல்லை, மணி இல்லை, காரியரும் இல்லை. “காரியர் இல்லாத சயிக்கிளிலை எதைக் கட்டிக்கொண்டு போறது?” என்று என் தாயார் கேட்டார். எங்கள் ஊரிலே அது நியாயமான கேள்வி.

இவ்வண்டியின் பிறப்பு வரலாறு சுவையானது. 1970களில், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே, தமல்பைஸ் என்னும் மலையடிவாரத்து இளைஞர் சிலர், பழைய இரும்புக் கடைகளிற் கிடந்த தடித்த ரயர்ச் சயிக்கிள்களை எடுத்துத் திருத்தி, மலைப்பாதைகளில் உருட்டிவிட்டு விளையாடினர். 1976 இல் அதையே பந்தயமாகவும் நடத்தினர். அவ்வண்டிகளின் பிறேக் பின் சில்லின் குடத்துக்குள் இருந்தது. மலையிறக்கத்திற் பிறேக் பிடித்துப் பிடித்து உள்ளேயிருந்த கிறீஸ் உருகிப் புகைந்துவிடும். கீழே வந்ததும் புதிதாகக் கிறீஸ் அடைக்கவேண்டும். அதனாலே அப்பந்தயத்துக்கு ‘மீண்டும் அடைத்தல்’ என்னும் பொருள்படவே பெயர் வைத்தார்களாம். 1977 இல் ஜோ பிறீஸ் என்பவர் இதற்கென்றே புதுச் சட்டம் செய்தார். இருபது வருடங்கள் செல்லுமுன், 1996 இல் அற்லான்ரா ஒலிம்பிக்கிலே காடு மேடு கடந்தோடும் மலைச் சயிக்கிள் ஓட்டம் ஒரு போட்டியாயிற்று. இரும்புக் கடைச் சரக்கு ஒலிம்பிக் ஏறிய கதை இது.

ஆனாற் சயிக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு மற்றவர் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை. 1990 முதல் 1995 வரை, எரிபொருள் குடாநாட்டுக்கு வாராத ஐந்து வருட காலம், நாங்கள் துவிச்சக்கர வண்டியினாலேயே வாழ்ந்தோம். விறகும் நெல்லும் அதிலே போயின. நோயாளியைக் காரியரில் இருத்தி, மற்றொருவர் பின்னால் ஓடிவந்து தாங்கிப் பிடிக்க, மந்திகை ஆசுபத்திரிக்கு அதிலேதான் கொண்டுபோயினர். கிளாலிக் கடலைக் கடந்த படகுகளிலே மனிதரோடு சயிக்கிளும் ஏறிற்று. பற்றரி கிடையாத அந்நாளில், சயிக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைக் கையாற் சுற்ற, தைனமோவின் மின்சாரத்திலே ஐயா வானொலிச் செய்தி கேட்பார். கை சோர்ந்தாற் செய்தியும் சோரும். தம்பி இவற்றை அறியார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் ஊரைவிட்டுப் போனவர். இப்பொழுது ரொறன்ரோவிலே, டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் வாரந்தோறும் சயிக்கிள் ஓடுவது அவருக்குப் பொழுதுபோக்கு.

“இங்கை காட்டுப் பாதை எங்கை இருக்குது, அண்ணை?” என்று கேட்டார்.

காடென்றால் வன்னிக்குத்தான் போகவேண்டுமெனப் பலரும் எண்ணுவர். எங்கள் கரவெட்டியைச் சுற்றி இருப்பவை தோட்டமும் வயலும் வேலியும் ஒழுங்கையும். பேராசிரியர் சிவத்தம்பி பிறந்த ஊரென்று வெளியூரார் அறிவரேயன்றி, காட்டுக்குப் பேர்போன ஊரன்று. ஆனாற் கிழக்கே சயிக்கிள் உழக்கினால் வேறோர் உலகம் இருக்கின்றது. வல்லிபுரம் தொடங்கித் தெற்கே சுண்டிக்குளம் வரை, வங்கக் கடலுக்கும் வடமராட்சி ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய நீண்ட மணற்பட்டி அது. மணற்குன்றும், பனங்கூடலும், தாழம்பற்றையும், சவுக்கங்காடும் அதிலே உண்டு. கரும்பலகையில் நான் கீறிய குன்றுக்கு உயிருள்ள உதாரணம் அங்கேதான் இருக்கிறது.

தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில், கிழக்கு வெளுக்குமுன் புறப்பட்டோம். தம்பி தம் வண்டியில்; நான் என் மகனின் கியர்ச் சயிக்கிளில். இரண்டு போத்தல் தண்ணீர், வாழையிலையில் கட்டிய பிட்டு, பனங்கட்டிக் குட்டான் இரண்டு, காற்றுப் பம்பி, ஒட்டுப்போடும் சாமான் ஆகியவற்றை நான் முதுகுப் பையில் வைத்துக்கொண்டேன். மாதத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமுண்டு. மாரி மழை ஓய்ந்து, மணல் உள்ளே ஈரம் பிடித்து இறுகியிருக்கும் காலம் தை. ஆடி ஆவணியிற் போனாற் சோளகக் காற்று எதிர்த்தும் பக்கத்தாலும் அடிக்கும். உலர்ந்த மணலிற் சில்லுப் புதைந்து, நாம் சயிக்கிளைச் சுமக்கவேண்டி வரும்.

துன்னாலை வரை தார் வீதி. அதன்பின் ஒழுங்கைகள் மெல்ல மெல்ல மணலாகின்றன. முதலிற் சில்லின் ஓசை மாறுகின்றது. தார் மேல் இரைந்த ரயர் மணலிலே பேச்சடங்கிப் போகின்றது. கிடுகுவேலி போய், முள்வேலி போய், வேலியற்ற வெளி வருகின்றது. பனைகள் கூட்டங் கூட்டமாய் நிற்க, அடியில் வடலிகள் பிள்ளைகளைப்போல மொய்த்திருக்கின்றன. பனங்காடையொன்று நீலச் சிறகை விரித்து எங்களுக்கு முன்னே மரத்துக்கு மரம் தாவிச் சென்றது.

பொழுது விடியும் வேளையில் வல்லிபுர ஆழ்வார் கோயிலை அடைந்தோம். வெண்மணலின் நடுவே கோபுரம் தனித்து நிற்கும் காட்சி, எத்தனை முறை கண்டாலும் எனக்குப் புதிது. இக்கோயிலிற் சக்கரமே மூர்த்தியாக வழிபடப்படுகின்றது. சக்கரத்தாழ்வாரின் வாசலில் இரண்டு சக்கர வண்டிக்காரர் இருவர் வணங்கிப் போவது பொருத்தந்தானே என்றார் தம்பி. அர்ச்சகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புரட்டாதித் திருவிழாவின் முடிவிலே, சமுத்திர தீர்த்தத்துக்காக, சனசமுத்திரம் இந்த மணலைக் கடந்து கடலுக்கு நடந்துபோகும். சிறுவயதில் ஐயாவின் தோளிலிருந்து நான் கண்ட முதல் ‘மலை’ அவ்வழியிலுள்ள மணல்மேடுகளே.

மாணவர்கள் அறியவேண்டிய செய்தியொன்று: 1936 இல் இப்பகுதியிலே சிறிய பொன்னேடொன்று கண்டெடுக்கப்பட்டது. பிராமி எழுத்தாலான அச்சாசனம் கி. பி. முதலாம் இரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வசப மன்னன் காலத்தது எனப் பரணவிதான படித்தார். நாகதீவை ஆண்ட அமைச்சனொருவனின் பெயரும், விகாரையொன்று கட்டப்பட்ட செய்தியும் அதில் உள்ளன. அதன் வாசிப்பைப்பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். அதற்குள் நான் இறங்கவில்லை. இன்று மணலும் பனையுமாய்க் கிடக்கும் இவ்விடத்திலே ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பும் மனிதர் நெருங்கி வாழ்ந்தனர் என்பது மாத்திரம் தெளிவு. அவர்கள் எதைக் குடித்து வாழ்ந்தனர் என்ற கேள்வியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கோயிலுக்கு அப்பால் மணற்காட்டுக்குச் செல்லும் தடத்திலே மெய்யான சவாரி தொடங்கிற்று. தம்பி இறங்கி இரண்டு சயிக்கிள்களின் ரயர்களிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டார். நான் திகைத்தேன், ரயர் கல்லுப்போல இருக்கவேண்டுமென்றே நாங்கள் சிறுவயது முதற் பழகியிருக்கிறோம். காற்றுக் குறைந்தால் ரயர் தட்டையாகி, மணலில் அதிக இடத்தைப் பிடித்து மிதக்குமாம். ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதும் அதனாற்றான் என்று நான் வகுப்பிற் சொல்லிக்கொடுப்பது அப்பொழுது ஞாபகம் வந்தது. வேறும் சில விதிகள் உண்டு. பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி இருக்கவேண்டும். முன் சில்லை இறுக்கிப் பிடிக்காமல் அதன் போக்கில் விடவேண்டும். இலகுவான கியரில், நிறுத்தாமல், ஒரே சீராய் உழக்கவேண்டும். நடுவழியிற் கால் ஓய்ந்தாற் சில்லுப் புதையும்.

இவ்விதிகளையெல்லாம் தம்பி விளக்கிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து ‘பாம், பாம்’ என்று ஒலி கேட்டது. மீன் வியாபாரி ஒருவர், பழைய சயிக்கிளின் காரியரிலே பெட்டி கட்டி, றப்பர்க் கொம்பை அமுக்கியபடி கடற்கரை நோக்கி வந்துகொண்டிருந்தார். கியர் இல்லை, வில் இல்லை, ரயரில் ஒரு பல்லேனும் இல்லை. எங்களை அலட்சியமாகக் கடந்து, புல் படர்ந்த ஓரமாக வளைந்து வளைந்து போனார். போகிற போக்கில், “மாஸ்டர், றக்டர் போன வழியாலை போகாதையுங்கோ. மாடு போன வழியாலை வாங்கோ” என்றார்.

அது பெரிய உபதேசம். உழவு இயந்திரம் போன தடத்தில் மணல் கிளறுண்டு மாவாகிக் கிடக்கும். மாடோ, அடம்பங்கொடியும் புல்லும் வேரோடிக் கட்டியுள்ள நிலம் பார்த்தே காலை வைக்கும். அதன்பின் நாங்கள் மாட்டுத் தடத்தை விடவில்லை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர் சொல்வது வெறும் பேச்சன்று. நூற்றைம்பது இறாத்தல் மனிதனையும் சயிக்கிளையும் அது தாங்குகின்றது.

மணற்காட்டின் குன்றுகளைப்பற்றி எழுதுவதற்கு எனக்கு ஆசை அதிகம், இடமோ குறைவு. வாடைக்காற்றும் சோளகமும் மாறிமாறி அடித்து, அலையலையாய் மணலைக் குவித்துள்ளன. கடற்பக்கம் சரிவு மெல்லியது, உட்பக்கம் செங்குத்து. உச்சியிலிருந்து அச்செங்குத்தான பக்கமாகத் தம்பி சயிக்கிளை விட்ட வேகத்தைக் கண்டு எனக்கு நெஞ்சு திக்கென்றது. கீழே மணலிற் சில்லு அமிழ்ந்து, அவர் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து, பஞ்சணையில் விழுந்தவர்போல விழுந்து எழுந்தார். நான் சயிக்கிளை உருட்டிக்கொண்டே இறங்கினேன். மேட்டின் முகத்தில் இராவணன் மீசைப் புல் வளர்ந்திருக்கின்றது. ஊசி ஊசியாய் விரிந்த அதன் பந்து போன்ற கதிர்த்தலைகள் முற்றியதும் கழன்று, காற்றில் உருண்டோடி, நின்ற இடத்தில் விதைபோடும். எங்கள் சயிக்கிளிலும் அவை வேகமாய் ஓடின.

மணலின் வலிமையை அறிய விரும்புவோர் இங்குள்ள பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்க்கவேண்டும். சுவர்கள் மாத்திரம் எஞ்சி, பாதி மணலுக்குள் அமிழ்ந்து நிற்கின்றது. காவலற்ற மணல் நகரும். நகர்ந்து கோயிலையும் மூடும். அருகே உள்ள சேமக்காலையில் மணலுக்கு மேலே சிலுவைகள் எழுந்து நிற்கின்றன. 2004 ஆம் வருடம் மார்கழி 26 ஆந் திகதிக் காலையிற் கடல் எழுந்தபோது, இந்தக் கரை முழுவதும், தெற்கே உடுத்துறை, ஆழியவளை வரை, பெருந்தொகையானோர் மாண்டனர். உடுத்துறையில் அவர்களுக்கு நினைவாலயமுண்டு. எங்கள் இருவருக்கும் அவ்விடத்திற் பேச்சு வரவில்லை.

தேவாலயத்துக்கு அப்பாற் சவுக்கங்காடு. உள்ளே நுழைந்ததும் வெயில் குறைந்து, கடலோசையும் சவுக்கின் ஓசையும் ஒன்றாகி, எது எதுவெனப் பிரிக்க முடியாதவாறு ஒரே இரைச்சலாயிற்று. நிலமெங்கும் சருகு மெத்தை. ‘இது எங்கடை பைன் காடு மாதிரி’ என்றார் தம்பி. தோற்றம் அப்படியாயினும் சவுக்குப் பைன் இனத்தைச் சேர்ந்ததன்று. ஊசிபோலத் தெரிபவை இலையுமல்ல, மெல்லிய கிளைகள். இழுத்தால் மூட்டு மூட்டாய்க் கழலும். கழன்ற இடத்தைப் பொருத்திவைத்து, எந்த மூட்டு என்று கேட்டு விளையாடாத பிள்ளை எங்கள் பக்கத்திலில்லை. அவுஸ்திரேலியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்ட இம்மரம், வேரிலே வாழும் நுண்ணுயிரின் உதவியால் வளிமண்டல நைதரசனைப் பெற்று, வளமற்ற மணலிலும் செழிக்கின்றது. மணலைப் பிடித்து நிறுத்தவென்றே இதனை இங்கே நட்டார்கள். அதன் நிழலில் வேறு செடி இலகுவில் முளையாது என்பது குறைதான். தாழையும் அடம்பும் செய்யும் வேலையை இது முற்றாகச் செய்யுமென நான் நம்பவில்லை. ஆனாற் சயிக்கிளுக்கு இதனிலும் நல்ல நிலம் இல்லை. சருகின் மேல் ரயர் கவ்விப் பிடிக்க, மரங்களுக்கிடையே இடமும் வலமுமாய், கைப்பிடி மட்டும் நுழையக்கூடிய இடைவெளிகளில், அரைமணிநேரம் இருவரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போல ஓடினோம். விறகு பொறுக்க வந்த பெண்கள் சிலர் சுள்ளிக் கட்டை இறக்கிவைத்துவிட்டு, நரைத்த தலையோடு ஒருவர் மரஞ்சுற்றுவதைப் பார்த்து நின்றனர்.

பிட்டை முடித்துக்கொண்டு குடத்தனைப் பக்கமாகத் திரும்பினோம். அங்கே, மேட்டின் அடியிலுள்ள வீடொன்றிலே தண்ணீர் கேட்டோம். மூதாட்டி ஒருவர், “வாங்கோ பிள்ளையள்” என்று அழைத்துச் செம்பிலே தந்தார். இளநீர்போலத் தித்தித்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த துரவு ஆளுயரங்கூட ஆழமில்லை. கடலோ கூப்பிடு தொலைவில். “கடலுக்குப் பக்கத்திலை இப்படித் தண்ணி எப்படி, அண்ணை?” என்று தம்பி கேட்டார். இந்தக் கேள்விக்காகவே நான் இத்தனை தூரம் உழக்கி வந்தேன் என்று சொல்லலாம்.

யாழ்ப்பாணத்திலே வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லை. வருடத்தில் ஏறக்குறைய ஐம்பது அங்குல மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மணலில் விழும் மழை ஓடாது, உள்ளே இறங்கும். இறங்கிய நன்னீர், கீழேயுள்ள உவர்நீரிலும் பாரங் குறைந்ததாகையால், அதன்மேல் வில்லைபோல மிதந்து நிற்கும். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பியர் இருவர் தனித்தனியே கண்ட கணக்கின்படி, நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு உவர்நீர் தள்ளப்பட்டிருக்கும். இதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். மேலே ஓரடி நீர் குறைந்தால், கீழே நாற்பதடி உவர் ஏறும். மணல்மேடு உயர்ந்திருக்கும்வரை அதன் வயிற்றிலே நீரும் உயர்ந்திருக்கும். மேட்டை வாரி எடுத்தால், மழையை ஏந்தி வைக்கும் பாத்திரத்தையே எடுத்ததாகும். வல்லிபுரத்திலே பொன்னேடு எழுதிய காலத்து மக்கள் குடித்ததும் இப்படி மணல் ஏந்தித் தந்த மழையாகத்தான் இருக்கவேண்டும்.

வாரி எடுக்கின்றார்கள் என்பதே விடயம். மூதாட்டியின் வீட்டுக்குத் தெற்கே சிறிது தூரத்தில், பனைகளுக்கு நடுவே, மேடு இருந்த இடத்திற் பள்ளங்கள். பள்ளத்தின் விளிம்பிலே பனைகள் வேர் தெரியத் தொங்கிக்கொண்டு நின்றன; சில விழுந்து கிடந்தன. பள்ளத்தின் அடியில் நீர் கசிந்து, வெயிலில் வற்றி, ஓரத்தில் வெள்ளை உப்புப் படிந்திருந்தது. மீன் வியாபாரி சொன்ன றக்டர்த் தடம் அங்கேதான் சென்று முடிந்தது. “அங்காலை இருக்கிற மகளின்ரை கிணறு இப்ப வாயிலை வைக்கேலாது. இது இன்னும் எத்தினை நாளைக்கோ” என்றார் மூதாட்டி. கோபத்தோடு சொல்லவில்லை, மழையைப்பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு பக்கத்து நியாயத்தை மாத்திரம் எழுதுதல் தகாது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் இம்மண்ணில் ஆயிரமாயிரம் வீடுகள் எழவேண்டியிருந்தன. கூரையின்றி இருந்தவர்க்குச் சுவர் வேண்டும். சுவருக்குச் சீமெந்து வேண்டும். சீமெந்துக்கு மணல் வேண்டும். மணல் ஏற்றும் இளைஞனுக்கும் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். 1992 ஆம் வருடத்து 33 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிபெற்றே மணல் அகழலாம். இரவிலே ஓடும் றக்டருக்கு அனுமதியெங்கே, சட்டமெங்கே? பகலிலே அனுமதியோடு அகழ்ந்தாலும் மணலுக்குக் கீழேயுள்ள நீருக்கு அனுமதிப்பத்திரம் வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு மணல் வேறிடத்திலிருந்தும் வரலாம், விலை கூடினாலும் வரலாம். இந்தத் துரவுக்குத் தண்ணீர் இந்த மேட்டிலிருந்து மாத்திரமே வரும்.

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டிலே நடந்ததை இங்கு கூறுவது பயன்தரும். அம்ஸ்ரடாம் நகரத்தார் 1853 இல் ஹார்லெம் நகருக்கருகிலுள்ள கடற்கரை மணற்குன்றுகளிலிருந்து குழாய் வைத்துக் குடிநீர் கொண்டுவந்தனர். நகரம் வளர வளர அளவுக்கு மிஞ்சி இறைத்தனர்; அடியிலிருந்து உவர்நீர் ஏறத்தொடங்கிற்று. அவர்கள் குன்றை விற்கவில்லை. 1957 முதல் றைன் ஆற்றின் நீரைக் கொண்டுவந்து அதே மணலுக்குள் இறக்கி, மணல் வடித்துத் தரும் நீரைக் குடிக்கின்றனர். எங்களுக்கு றைன் ஆறு இல்லை. 1954 இல் பொறியியலாளர் ஆறுமுகம் எண்ணிய ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம், வடமராட்சி ஏரியை நன்னீர் ஏரியாக்கும் பெருங்கனவு, எழுபது வருடங்களாகியும் முழுமை பெறவில்லை. 2024 ஆவணியிலே, இதே மணற்பட்டியின் தெற்கே தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் வல்லமையுடையது. அது வேண்டியதே, நான் குறைகூறவில்லை. ஆயினும், மின்சாரத்தைச் செலவிட்டு உப்பைப் பிரிக்கும் இயந்திரம் ஒரு பக்கத்தில். செலவின்றி அதே வேலையைச் செய்யும் மணலை லொறியிலேற்றுவது மறுபக்கத்தில். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. வகுப்பிலே மாணவன் ஒருவன் இதை எழுதித்தந்தால், திரும்பச் செய்துகொண்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

அம்பனைத் தாண்டி நாகர்கோவிலை அடையும்போது வெயில் ஏறிவிட்டது. இங்கே பனைகளின் தோற்றம் வேறு. செல்லடியிலே தலையிழந்து, கம்பம்போல நிற்கும் பனைகளை இன்றும் காணலாம். 1995 புரட்டாதி 22 ஆந் திகதி இவ்வூர்ப் பாடசாலைமேல் விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டு மாணவர் பலர் மாண்டனர். அப்போது எனக்கும் அவர்கள் வயதுதான். 2000 முதல் 2009 இன் தொடக்கம் வரை இரு படைகளுக்குமிடையேயான முன்னரங்கு இவ்வழியாகவே சென்றது. ஆகையால் மாட்டுத் தடமென்று நம்பி இங்கே பற்றைக்குள் நுழையலாகாது. மிதிவெடி அகற்றுவோர் வருடக்கணக்காகச் சாணுக்குச் சாண் மணலைத் தடவியிருக்கின்றனர்; எனினும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ட இடத்திற் சயிக்கிளைத் திருப்பிவிடவேண்டும். தம்பியும் அப்படியொரு பலகையைக் கண்டு, படமெடுக்கக் கைப்பேசியை வெளியே எடுத்தவர், எடுக்காமலே பைக்குள் வைத்துவிட்டார்.

நாங்கள் அத்தோடு திரும்பினோம். வரும்போது தார் வீதி. ரயர்களுக்கு மறுபடி காற்றடித்துக்கொண்டு, எதிர்க்காற்றிலே ஒருவர் பின் ஒருவராக, முன்னால் ஓடுபவர் காற்றைத் தாங்கப் பின்னால் வருபவர் இளைப்பாறும் முறையில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறி உழக்கினோம். துன்னாலைக்கருகே மாலை வகுப்புக்குச் செல்லும் மாணவிகள் நால்வர், லுமாலாச் சயிக்கிள்களில் வீதியை அடைத்துப் பேசிக்கொண்டு போனார்கள். தம்பி மணியடிக்கக் கையை வைத்தார், மணிதான் இல்லையே. “தங்கச்சியவை, கொஞ்சம் வழி” என்று கூவவேண்டியதாயிற்று.

போய்வந்த தூரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். குடும்பத்தோடு போக விரும்புவோர் நாகர்கோவில் வரை செல்லவேண்டியதில்லை. வல்லிபுரத்தில் வணங்கி, மணற்காட்டுச் சவுக்கங்காட்டில் உண்டு திரும்பினாற் பிள்ளைகளுக்கு அதுவே நிறைந்த நாள். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட்டு, பத்து மணிக்குள் மணலைவிட்டு வந்துவிடுதல் நன்று. தண்ணீர் அதிகம் கொண்டுபோங்கள். சொப்பிங் பையைக் காட்டில் எறியாதீர்கள். ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தரைக்கீழ் நீர் பாடத்தைக் கரும்பலகையிலே முடித்துவிடாது, மாணவரை ஒருமுறை அழைத்துச் சென்று, மேட்டின் அடியிலுள்ள துரவு நீரையும் பள்ளத்தின் ஓரத்துக் கிணற்று நீரையும் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் செய்யுங்கள். நானும் வருகிற மாசியில் என் வகுப்பை அழைத்துச் செல்ல இருக்கிறேன். நூலும் ஈயக் குண்டும் கொண்டு பன்னிரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதிவைப்போம். மாதந்தோறும் அளக்க, அவ்வூர்ப் பிள்ளைகள் இருவர் சம்மதித்திருக்கின்றனர்.

தம்பியின் விமானம் வெள்ளிக்கிழமை. அதற்குமுன் சுண்டிக்குளத்துக்கும் போகவேண்டுமென்கிறார். 1938 முதல் பறவைகளின் சரணாலயமாகவும், 2015 முதல் தேசிய வனமாகவும் உள்ள இடம் அது. பூநாரைகளைப் பார்க்க இதுவே பருவம். தாயார் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: தாளையடியிலிருந்து கருவாடு கொண்டுவர வேண்டும். ஆகவே இன்று காலை நெல்லியடிக்குப் போய், மலைச் சயிக்கிளுக்கு ஒரு காரியர் பூட்டிக்கொண்டு வந்தோம்.